கோடையிலே கோடிப்புறம்

சித்திரை பிறந்துவிட்டால் வசதி படைத்தோர் நுவரெலியாவுக்குப் புறப்படுகின்றனர். குதிரைப் பந்தயமும் மலர்க்காட்சியும் குளிர்காற்றும் அங்கே அவர்களை வரவேற்கின்றன. அப்பேறு வாய்க்காத குடும்பங்களோ தத்தம் வளவிலேயே கோடையைக் கழிக்கின்றன. மனிதராவது விசிறியைத் தேடலாம். விறாந்தையில் பாயை விரித்துப் படுக்கலாம். வேரூன்றி நிற்கும் கத்தரிச் செடி எங்கே போகும்? வேலிக்குள் அடைபட்ட கோழி எங்கே போகும்? அவற்றின் கோடையையும் நாமே சுமக்க வேண்டியவராகின்றோம். வீட்டுத்தோட்டமும் கோழி வளர்ப்பும் மாரிகாலத்திலே பொழுதுபோக்கு. கோடைகாலத்திலே அவை கடமை. ஆளை அறிய வேண்டுமாயின் அவருடைய கோடிப்புறத்தை வைகாசி மாதத்திலே பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெயில் என்பது வெறும் பேச்சன்று. புத்தாண்டை ஒட்டிய நாட்களிலே, அஃதாவது ஏப்ரல் 15 ஆந் திகதியளவிலே, சூரியன் எமது தலைக்கு நேர் மேலே வந்துவிடுகின்றது. அன்று நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்திலே ஒரு தடியைச் செங்குத்தாக நாட்டிப் பார்த்தால் அதற்கு நிழலே இராது. மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க பரிசோதனை இது. ஓகஸ்ட் மாத இறுதியிலே சூரியன் மீண்டும் ஒருமுறை உச்சிக்கு வருகின்றது. இடைப்பட்ட மாதங்களிலே சோழகக் காற்று வீசும். அக்காற்று தான் கொணர்ந்த மழையை மலைநாட்டிலே இறக்கிவிட்டு வெறுங்கையோடு எம்மிடம் வருவது. மண்ணிலே எஞ்சிய ஈரத்தையும் வாரிக்கொண்டு போவது.

எமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியிலே மட்டும் தன் பெயரைக் காப்பாற்றிக் கொள்வது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி டிசெம்பர் முடியுமுன் பெய்து தீர்ந்துவிடுகின்றது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தேங்கிய அந்த நீரையே எஞ்சிய மாதங்களில் அள்ளிக் குடிக்கின்றோம், அள்ளி இறைக்கின்றோம். நிலத்தின் கீழ் அந்நன்னீர் கடலின் உவர்நீர்மேல் மிதந்து கொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தாற் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும் என்பதே இதன் மறுபக்கம். புத்தூர் நிலாவரைக் கேணியிலே மேல்நீர் இனிப்பதும் ஆழத்து நீர் உவர்ப்பதும் இவ்வுண்மைக்குச் சான்று. ஆகவே எமது ஊரிலே ஒரு வாளி தண்ணீர் என்பது ஒரு வாளி தண்ணீர் மட்டுமன்று; பிள்ளைகளுக்குரிய சேமிப்பிலிருந்து எடுக்கும் பணமாகும்.

எமது கோடிப்புறத்துக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டிலே நாடு கண்ட நெருக்கடியை வாசகர் மறந்திரார். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. வீட்டில் உணவுப்பயிர் செய்தற்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அவ்வாண்டு ஜூன் மாதத்திலே தீர்மானிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாதபோது நீர்ப்பம்பி வெறும் இரும்பு. மூலையிற் கிடந்த கப்பியும் கயிறும் மீண்டும் கிணற்றடிக்கு வந்தன. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த தலைமுறை எவ்வளவு சிக்கனமாக நீரைச் செலவிட்டது என்பது கை காய்த்த பின்னரே எமக்கு விளங்கிற்று. பம்பியின் விசையைத் தட்டுபவனுக்கு நீரின் கனம் தெரிவதில்லை. கயிற்றை இழுப்பவனுக்குத் தெரிகின்றது.

அவ்வாண்டிலேதான் கோழிகளும் வந்தன. பருப்பும் பால்மாவும் எட்டாத விலைக்கு ஏறிவிட்டமையால், பிள்ளைகளுக்கு முட்டையாவது கொடுப்போம் என்று இல்லாள் சொன்னாள். ஊர்க்கோழி 4, லெக்கோன் 2, ஆக 6 பேடுகள். எமது தாயாரோ ஆசாரமான சைவர். கூட்டைக் கண்டதும், "தம்பி, சைவ வளவுக்குள்ளை கோழியோ?" என்று ஒரே கேள்வி கேட்டார், பின்னர் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. சேவல் இல்லாத கூட்டிலே இடப்படும் முட்டையிற் குஞ்சு உருவாகாது, ஆகவே அதனை உண்பது ஓருயிரைக் கொல்வதாகாது என்று பேத்தி படித்ததைச் சொல்லிப் பார்த்தாள். தாயார் முட்டையைத் தொடவுமில்லை, ஏற்கவுமில்லை. ஆயினும் ஒன்று மட்டும் சொன்னார்: "வந்ததுகளை ஒருத்தற்றை கத்திக்கும் குடுக்கக் கூடாது." அந்நாளிலே அது எளிய நிபந்தனையாகத் தோன்றிற்று. அதன் பாரம் பின்னரே தெரிய வந்தது.

முதலிலே தோட்டத்தைப் பற்றிச் சொல்வோம். கோடையை எதிர்க்கும் பயிர் உண்டு. கோடைக்குப் பணியும் பயிர் உண்டு. வெண்டி, பயற்றை, கத்தரி, பசளி ஆகியன வெயிலைத் தாங்குவன. கத்தரியின் வேர் ஆழப் போவதால் அது நாளுக்கு நாள் எம்மிடம் கையேந்துவதில்லை. வேலியோரத்து முருங்கையோ கோடையிலே காய்த்துத் தள்ளும். தக்காளியும் கறிமிளகாயும் அப்படியல்ல. இரவிலும் வெப்பம் தணியாதபோது அவற்றின் மகரந்தம் கெட்டுவிடுகின்றது. பூக்கள் காயாகாமலே உதிர்கின்றன. எவ்வளவு நீர் ஊற்றினும் அதனைத் தடுத்தல் அரிது. பூ உதிர்கின்றதே என்று மேலும் மேலும் நீரை ஊற்றுவோர் செடிக்கும் உதவுவதில்லை, கிணற்றுக்கும் உதவுவதில்லை. தக்காளியை மாரியை அடுத்த குளிர்மாதங்களிலே காய்க்கும்படி நடுவதே அறிவு.

நீர் ஊற்றுதற்கு வேளை பொழுது விடியுமுன். அது தவறினாற் பொழுது சாய்ந்தபின். நடுப்பகலில் ஊற்றிய நீரிற் பெரும்பங்கை வேருக்கு முன்னரே வெயில் குடித்துவிடுகின்றது. இலைமேல் தெளிப்பதை விட அடியில் ஊற்றுவது நன்று. நாள்தோறும் சிறிது தெளிப்பதை விட இரு நாளைக்கொருமுறை மண் ஆழ நனையும்படி விடுவது நன்று. மேலே மட்டும் ஈரம் கண்ட வேர் மேலேயே படர்ந்து வெயிலில் வேகும். ஆழத்தில் ஈரம் கண்ட வேர் ஆழத்தைத் தேடும். பிள்ளைகளை வளர்ப்போரும் இதனைச் சிந்திக்கலாம்.

எமது முன்னோர் குழை தாழ்த்தினர். பூவரசங் குழையையும் கிளிசரியாக் குழையையும் வெட்டி மண்ணுட் புதைத்தமையால் பசளையும் கிடைத்தது, ஈரமும் நின்றது. செம்மண் நிலம் நீரை விரைவில் உறிஞ்சி விரைவில் விட்டுவிடும் இயல்பினது. மக்கிய இலையே அதற்கு நீரைப் பிடித்துவைக்கும் கை. பாத்தியின்மேல் வைக்கோலோ சருகோ நான்கு விரற்கடை பரப்பிவிட்டால், அதன் கீழே விரலை நுழைத்துப் பார்ப்பவருக்கு நண்பகலிலும் குளிர்ச்சி தெரியும். நாற்றுகளுக்கு மேற்குப்பக்கத்திலே ஒரு கிடுகைச் சாய்த்து வைத்தாற் போதும். காலை வெயில் செடிக்கு உணவு, பிற்பகல் வெயிலே அதற்குப் பகை.

இன்னுமொரு முறையும் எமக்குக் கைகொடுத்தது. மெருகிடாத மண்குடமொன்றைக் கழுத்து வெளியே தெரியப் பாத்தி நடுவிலே புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். குடத்தின் நுண்துளைகள் வழியே நீர் சிறிது சிறிதாகக் கசியும். மண் காய்ந்தால் அதிகம் கசியும். மண் நனைந்திருந்தாற் குறைவாகக் கசியும். கேட்டவருக்குக் கேட்ட அளவு கொடுக்கும் வள்ளல் அது. மூடியை மட்டும் மறத்தலாகாது. திறந்த நீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். குளித்த நீர் கிணற்றடி வாழைக்கும், அரிசி கழுவிய நீர் கீரைப் பாத்திக்கும் சென்றன.

இனிக் கோழிகள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் உடல் வெப்பநிலை இயல்பாகவே ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. எமக்குக் கடுங்காய்ச்சல் எனப்படுவது அதற்குச் சாதாரணம். அதன்மேல் ஓர் இறகுப் போர்வை வேறு. வெயில் ஏறினால் அது சிறகை அகற்றி நிற்கும். கொண்டை வழியாகவும் தாடி வழியாகவும் வெப்பத்தை விடும். போதாதபோது வாயைத் திறந்து இளைக்கும். அவ்வாறு இளைக்கையில் இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு மிகுதியாக வெளியேறிவிடுகின்றது. முட்டையோட்டிற் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று. அதனை ஆக்குவதற்கு வேண்டிய பொருள் குறைந்து போவதால் ஓடு மெலிகின்றது. தீனியும் குறைந்துவிடுவதால் மெலிவு இரட்டிக்கின்றது. கோடையிலே முட்டை கைபட்டவுடன் நொறுங்குவதற்குக் காரணம் கண்ணூறு அன்று, இளைப்பே என்க.

பரிகாரமும் கையெட்டும் தூரத்திலேயே உண்டு. கூட்டை மாமரத்தின் கீழே மாற்றினோம். தகரக் கூரைமேற் பனையோலை வேய்ந்தோம். பக்கங்களைப் பலகையால் அடைக்காமல் வலையாற் கட்டிக் காற்றை விட்டோம். தவிடும் குறுணலும் விடியற்காலையிலும் பொழுதுபட்ட பின்னரும் மட்டுமே வைத்தோம். செரிக்கும் வயிறும் வெப்பத்தை உண்டாக்குவதால் நடுப்பகலில் உணவு கோழிக்குச் சுமை. கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியை இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தோம். முட்டையிடும் கோழிக்கு மற்றை நாட்களில் நாளொன்றுக்குக் கால் லீற்றர் நீர் போதும். கடும் வெயிலிலே அது இரு மடங்காகின்றது. அந்நீரை நெகிழிப் பாத்திரத்தில் வைத்தாற் பத்து மணிக்கே வெந்நீராகிவிடும். மண்சட்டியில் வைத்தால், சட்டி வெளிப்புறத்தே கசிந்து கசிந்து உள்ளேயுள்ள நீரைக் குளிர்விக்கும். வியர்க்கத் தெரியாத பறவைக்காகச் சட்டி வியர்க்கின்றது என்று எமது மகள் சொன்னாள். பாடநூலிற் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவள் ஒரு வரியிற் சொல்லிவிட்டாள்.

தோட்டமும் கூடும் ஒன்றையொன்று தாங்குவன. களைந்த கீரையும் பூச்சி குத்திய கத்தரியும் கோழிக்கு. கோழி எரு தோட்டத்துக்கு. பச்சை எருவை நேரே இடலாகாது. அதிலுள்ள அமோனியா வேரைச் சுட்டுவிடும். கோடையிலே இரட்டைச் சூடு. சருகோடு கலந்து குவித்துச் சில மாதம் மக்கவிட்ட பின்னரே இட வேண்டும். தாயார் தமது இளமையிலே ஊரிற் கண்ட ஒரு வழக்கத்தையும் சொல்லித் தந்தார்: பழைய சட்டியொன்றிலே உமியும் தும்பும் சாணமும் இட்டு, நீர் தெளித்துக் கறையான் உள்ள இடத்திலே கவிழ்த்துவிட்டால் மறுநாட் காலையிலே சட்டி நிறையக் கறையான். கோழிகள் ஓடிவந்து உண்டன. சைவ வளவிலே கோழியா என்று கேட்டவர், அவை உண்பதைத் தூணோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

2024 ஆம் ஆண்டின் கோடை கொடியதாயிருந்தது. வளிமண்டலவியல் திணைக்களம் வடக்குக்கும் வெப்ப எச்சரிக்கை விடுத்த ஆண்டு அது. கிணற்றுக் கயிற்றுக்கு மேலும் ஒரு முழம் முடிந்தோம். ஏப்ரல் மாதத்தின் கடைசியிலே, காற்றென்பதே இல்லாத ஒரு பிற்பகலில், நிழலும் நீரும் இருந்தும் லெக்கோன் ஒன்று இளைத்து இளைத்துச் சாய்ந்தது. மகள் ஈரத்துணியால் அதன் காலைத் துடைத்துப் பார்த்தாள். மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயார் அதனை வாழையடியிற் புதைக்கச் சொன்னார். அன்றிரவு மகள் சாப்பிடவில்லை.

எஞ்சிய ஐந்திலே மூன்று, முட்டையிடுவதை ஏறக்குறைய விட்டுவிட்டன. வெயில் ஒரு காரணம். வயது மற்றொரு காரணம். மகளுடைய கொப்பியிலே முன்னர் நாளுக்கு நான்கு என்று இருந்த எண், இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறங்கிற்று. தீனியின் விலையோ இறங்கவில்லை. அவ்வேளையிலே அயல்வீட்டார் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்ரர், இதுகள் இனி முட்டை போடாதுகள். எனக்குத் தாங்கோ, நல்ல விலை தாறன்" என்றார். அவர் கேட்டதிலே குற்றம் எதுவுமில்லை. அவர் வீட்டு வழக்கம் அது, பணமும் நியாயமானது. அப்பணத்துக்கு இளம் பேடுகள் வாங்கலாம். பிள்ளைகளுக்கு மீண்டும் முட்டை கிடைக்கும். இல்லாளும் அதையே எண்ணினாள். "இஞ்சாருங்கோ, தீனிக்காசு எங்கையிருந்து வாறது?" என்று அவள் கேட்டது இரக்கமின்மையால் அன்று, சம்பளத்தை மாதமுடிவுவரை இழுத்துச் செல்பவள் அவள்.

ஒரு பக்கத்திலே கணக்கு, மறுபக்கத்திலே வாக்கு. கொல்லாமையை எளிதிற் போதிக்கலாம். வகுப்பறையிலே நாமும் பன்முறை போதித்ததுண்டு. அந்த அறத்துக்கு மாதந்தோறும் தீனி வாங்க வேண்டும் என்று எவரும் வகுப்பிற் சொல்வதில்லை. எமது இலையிலே புலால் இல்லை என்பது உண்மை. ஆயினும், பயன்பட்டவரை வைத்திருந்து, பயன் தீர்ந்ததும் வேலிக்கு மேலாற் கொடுத்துவிட்டுக் கைகழுவினால், கத்தி அடுத்த வளவில் இருந்தது என்பது மட்டுந்தானே எமது சைவம்? இக்கேள்வியைத் தாயார் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் செய்தது வேறு. தமது பூஞ்செடிகளுக்கென்று கிணற்றடியில் எடுத்துவைக்கும் வாளியைக் கூட்டடிக்குக் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான்.

அன்றிரவு அனைவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கோழிகளைக் கொடுப்பதில்லை. அதற்கீடாகச் சிலவற்றைக் கைவிடுவது. கறிமிளகாய் வரிசையைக் காயவிட்டு அந்த நீரைக் கூட்டுக்குக் கொடுப்பது. இருப்பவை தம் காலத்திற் போகும்வரை புதிய கோழி வாங்குவதில்லை. பிள்ளைகளுக்குக் குறைகின்ற முட்டையைக் கடையிலே வாங்குவது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பலகாரத்தை விடுவது. பலகாரத்தை விடலாம் என்று சொன்னவள் எமது மகளே. வேலையற்ற மூன்று கோழிகளுக்கும் ஒரு வேலையும் கொடுத்தோம். அறுவடை முடிந்த பாத்திகளை ஒவ்வொன்றாக வலையால் வளைத்து அவற்றை உள்ளே விட்டோம். அவை கிளறின, புழுவையும் களை விதையையும் பொறுக்கின, எருவையும் இட்டன. ஆவணியிலே அப்பாத்திகளைக் கொத்துகையில் மண்வெட்டிக்குப் பாதி வேலையே இருந்தது. முட்டைக் கணக்கிலே அது வராது. ஆயினும் அதுவும் கணக்கே.

இம்முடிவே எல்லோருக்கும் ஏற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. பசித்த வீட்டுக்கு அறம் சொல்லப் பிறர்க்கு உரிமை இல்லை. நாம் சொல்ல வருவது இவ்வளவே: ஓர் உயிரை வளவுக்குட் கொண்டுவருமுன், அது பயன்தரும் நாளை எண்ணுவதோடு, பயன்தராத நாளையும் வீட்டார் கூடியிருந்து எண்ணிக்கொள்ளுதல் வேண்டும். கோழிக்கு ஈராண்டு முட்டை. அதன் ஆயுளோ அதனிலும் நெடிது. இடைப்பட்ட காலத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தீனிச் சாக்கு வாங்கும் நாளிலேயே பேசிவிடுவது நன்று.

தோட்டம் வைக்க எண்ணும் இளைஞருக்கும் ஒரு சொல். பெரிதாகத் தொடங்க வேண்டாம். இரண்டு பாத்தி, ஒரு முருங்கை, புதைத்த மண்குடம் ஒன்று, மூடாக்குச் சருகு, இவையே முதற்கோடைக்குப் போதும். எத்தனை செடி நடலாம் என்பதை நிலத்தைப் பார்த்து முடிவுசெய்யாமற் கிணற்றைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஐப்பசி மழை வரும். மண் மறுபடியும் கறுத்து மணக்கும். அப்பொழுது எவர் நட்டாலும் முளைக்கும். அந்த மழை வரும்வரை எதை வாழவைப்பது, எதை விட்டுவிடுவது என்று நாள்தோறும் ஒரு வாளி நீரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுசெய்வதே கோடை கற்பிக்கும் பாடம்.